நான்கு தேசத்துக்கும் ஒரே சொல்

ஊருக்குள் நுழையும் வளைவில், இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே என் பெயரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று ஆள் நீளத்துக்கு வெள்ளைத் துணி. ‘ஹா தோக்சுவின் மனைவி தோம் இந்த ஆண்டின் சிறந்த மருமகள். ஹன்பாத் ஊர்மக்களின் வாழ்த்துகள்’ என்று நீல எழுத்து. இங்கே யார் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறினாலும், யார் மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்தாலும் இப்படித் துணி கட்டிவிடுவார்கள். போன மாதம் வரை அதே இடத்தில் காட்டுத் தீ எச்சரிக்கை தொங்கியது. பூண்டு வயலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் அடியில்தான் நான் நடக்க வேண்டும். முதல் நாள் நிமிர்ந்து பார்த்தேன். மறுநாளிலிருந்து பார்க்கவில்லை.

விருது கொடுப்பது எங்கள் வட்டாரத்துக் கன்பூசிய மடம். மே எட்டாம் தேதி, பெற்றோர் தினத்தன்று, வருஷத்துக்கு ஒரு மருமகளைப் பிடித்து முற்றத்தில் நிறுத்திக் கொடுப்பார்கள். விருதின் பெயரிலேயே ஹியோ என்ற சொல் இருக்கிறது. பெற்றவர்களைத் தாங்குவது, அவர்கள் பேச்சை மீறாதது, இருக்கும்வரை சோறும் போனபின் படையலும் தவறாமல் போடுவது, இத்தனைக்கும் சேர்த்து அந்த ஒரு சொல். சீனத்தில் பிறந்து இந்தப் பக்கத்து நாடுகள் எல்லாவற்றிலும் குடியேறிவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன் வியட்நாமிலிருந்து கல்யாணம் முடிந்து நான் இங்கே வந்து இறங்கியபோது எனக்குக் கொரிய மொழியில் பத்து வார்த்தை தெரியாது. வாசலில் நின்ற மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கல்யாணத் தரகரிடம் ஏதோ கேட்டார். அதில் ‘ஹியோ’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அது ஹியூ. இந்தப் பெண்ணுக்கு அது தெரியுமா என்கிறார். தரகர் வாயைத் திறப்பதற்குள் நானே தலையாட்டிவிட்டேன். அதோடு சரி. பதினோரு வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

மே ஐந்தாம் தேதி வயலில் பூண்டுத் தண்டு பிடுங்கிக்கொண்டிருந்தபோது என் தம்பி லுவான் கூப்பிட்டான்.

“அக்கா, வேலையா இருக்கியா?”

“தண்டு புடுங்கிட்டிருக்கேன். சொல்லு.”

“அப்பாவ ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்.”

எங்கள் ஊரில் அதற்கு ஓர் அர்த்தம்தான். உயிர் வீட்டில் போக வேண்டும். வெளியே போனால் ஆவி வழி தெரியாமல் அலையும் என்பார்கள். டாக்டர்களுக்கும் அது தெரியும். நேரம் நெருங்கிவிட்டால் அவர்களே வண்டியேற்றி அனுப்பிவிடுவார்கள்.

“எத்தனை நாள்னு சொன்னாங்க?”

“மூணு, நாலு. ஈரல் மொத்தமும் போயிடுச்சு. கண்ணு தெறந்தா உன்னைத்தான் கேக்கறார். அம்மாவுக்குத்தான் வரல. இவருக்காவது வந்துடுக்கா.”

“வர்றேன்.”

“எப்போ?”

“கேட்டுச் சொல்றேன்.”

அவன் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. முப்பத்தைந்து வயதுப் பெண், சொந்த அப்பாவைப் பார்க்க வர யாரிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. குனிந்து அடுத்த தண்டைப் பிடுங்கினேன். அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அம்மா இறந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜனவரியில். மாமனாருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்த எட்டாம் நாள். போக முடியவில்லை என்று மற்றவர்களிடம் சொல்வேன். போகவில்லை என்பதுதான் சரி. மாமா மூக்கில் குழாயோடு கிடந்தார், என் கணவர் தோக்சு ஆஸ்பத்திரிக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார், மகள் பொராவுக்கு ஐந்து வயசு. ‘அப்பா கொஞ்சம் தேறட்டும், அப்புறம் போ’ என்றார் தோக்சு. அவர் தேறியபோது அம்மாவைப் புதைத்து நூறு நாள் ஆகியிருந்தது. அப்போது எனக்குள் ஏதோ மரத்துப்போனது. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி. வேலையெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அழுகை வருவதில்லை. சிரிப்பு வருகிறது, கொஞ்சம் தாமதமாக.

அன்று சாயங்காலம் தோக்சு கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

“அடப் பாவமே. மாமனாருக்கு அவ்ளோ மோசமாவா இருக்கு?”

“வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க.”

“இன்னிக்கு அஞ்சு. எட்டாந்தேதி விருது. ஒம்பதாந்தேதி விடிஞ்சதும் நானே உன்னை ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விடறேன். சரியா?”

“அதுக்குள்ள போயிட்டார்னா?”

“மூணே நாள் பொரா அம்மா. ஊர்ல பஸ்ஸு பேசியாச்சு, நாப்பது பேர் வர்றாங்க. ஊர்த் தலைவரு மூணு மாசமா மடத்துக்கு அலைஞ்சு வாங்கினது இது. இப்போ ஆளே இல்லேன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு ஊருக்குள்ள நடப்பேன்?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. கைநீட்டி ஒரு நாளும் அடித்ததில்லை. குளிர்காலத்தில் எனக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டுவார். ஊர் முகத்தைப் பார்த்து வாழ்கிறவர், அவ்வளவுதான். நான் சரி என்றேன். சண்டை போட வேண்டும் என்றால் முதலில் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன், இல்லை.

மாமாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது அவரிடமும் சொன்னேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் அவர் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

“உங்கப்பனுக்கு என்ன வயசு?”

“எழுபத்தொண்ணு, மாமா.”

“சின்னப் பய. எனக்கு எம்பத்திரண்டு. நானே உக்காந்து தின்னுட்டிருக்கேன், அவனுக்கென்ன அவசரம்?”

“அவசரம் அவருக்கில்ல. ஈரலுக்கு.”

அவர் சிரித்ததில் கஞ்சி தாடைக்கு வழிந்தது. துடைத்துவிட்டேன். “எட்டாந்தேதிக்கு அந்தச் சாம்பல் கலர் கோட்டு எடுத்து வை. பொத்தான் ஒண்ணு போயிருக்கு” என்றார்.

“தெச்சாச்சு மாமா.”

“பாத்தியா, இதுக்குத்தான் உனக்கு விருது” என்று வாயைத் திறந்தார். அடுத்த கரண்டியை வைத்தேன்.

ஏழாம் தேதி லுவான் மறுபடியும் கூப்பிட்டான். அப்பா தண்ணீர்கூட விழுங்குவதில்லையாம். ஒன்பதாம் தேதி கிளம்புகிறேன் என்றேன். அவன் கேட்டான்: “அங்க உனக்கு என்னமோ விருது தர்றாங்களாமே? பொரா போட்டோ அனுப்பியிருந்தா, உன் பேரு போட்ட பெரிய துணி. எதுக்கு விருது?”

வேறு எந்தச் சொல்லாக இருந்தாலும் மழுப்பியிருப்பேன். நல்ல விவசாயி என்றோ, நன்றாகக் கொரியம் பேசுகிறேன் என்றோ ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஏனோ வாயில் பொய் வரவில்லை.

“ஹியூவுக்கு” என்றேன்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக் காரியத்துக்கே அந்தச் சொல்தான். யாராவது செத்தால் ஹியூ காரியத்துக்குப் போய்வந்தேன் என்போம். பெற்றவர்களைக் கடைசியாக அனுப்பிவைக்காத பிள்ளை ஹியூ கெட்டது. அம்மாவின் சாவுக்கு நான் போகாததால் அத்தைமார் மூன்று பேரும் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள் என்று லுவானே ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறான். இரண்டு மொழியிலும் வேறு வேறு வார்த்தை இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நல்லது” என்று போனை வைத்துவிட்டான்.

எட்டாம் தேதி ஊர்த் தலைவரின் மனைவி தன் ரோஜா நிறப் பட்டு உடையை எனக்கு இரவல் கொடுத்து, நாடாவையும் தன் கையாலேயே கட்டிவிட்டாள். அடையாள அட்டை கொண்டுவர வேண்டும் என்றிருந்தார்கள். பையில் அதோடு பாஸ்போர்ட்டையும் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. கை போட்டது. மாமாவைக் கோட்டு மாட்டிச் சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏற்றினோம். ஊரே வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது.

மடத்து முற்றத்தில் வெள்ளை அங்கியும் கறுப்புத் தொப்பியுமாகப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடத் தலைவர் பெரியவர் குவாக், எண்பதைத் தாண்டியவர், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தூணில் தொங்கிய பெரிய எழுத்தைக் குச்சியால் காட்டி விளக்கினார். மேலே இருப்பது கிழவர், கீழே இருப்பது பிள்ளை, கிழவரைப் பிள்ளை முதுகில் சுமக்கிறது, அதுதான் ஹியோ. எனக்கு அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், கிழவர் பிள்ளையின் தலைமேல் சௌகரியமாக உட்கார்ந்திருப்பதாகத்தான் படும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஊர்த் தலைவர் எழுதிக் கொடுத்திருந்த என் நற்செயல் பட்டியலைப் பெரியவர் உரக்கப் படித்தார். மூன்று வருஷமாக மாமனாரைக் குளிப்பாட்டுவது, முகம் மழிப்பது, வயல் வேலை, ஊர் மன்றத்துக்குக் குளிர்காலத்தில் ஊறுகாய் போட்டுக் கொடுப்பது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். வேறு யாரோ ஒரு பெண், நன்றாக உழைக்கிறாள் என்று பட்டது.

“இது எல்லாத்துக்கும் மேல” என்று பெரியவர் குரலைத் தாழ்த்தினார். தாளிலிருந்து படித்தார்: “தன்னைப் பெற்ற தாய் இறந்தார் என்ற செய்தி கடல் தாண்டி வந்தபோதும், நோயுற்ற மாமனாரின் படுக்கையை விட்டு ஓர் அடியும் அகலாமல், கண்ணீரை உள்ளே விழுங்கிப் பணிவிடை செய்தார்.”

கூட்டம் முழுக்க ‘உச்’ கொட்டியது. தலைவரின் மனைவி கைக்குட்டையை எடுத்தாள். தோக்சு தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டும், பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். அத்தைமார் என்னைத் திட்டிய அதே காரணத்துக்காக இங்கே என் கையில் தங்க எழுத்துப் பத்திரத்தைத் தந்தார்கள். கூடவே ஒரு மின்சாரப் போர்வை.

பெரியவர் ஒலிவாங்கியை என் பக்கம் நீட்டினார். “உங்க நாட்டுல இந்த ஹியோவுக்கு என்னம்மா சொல்றது?”

“ஹியூ.”

“கேட்டீங்களா!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சீனாக்காரன் ஷியாவ்ங்கறான். அங்கேர்ந்து நம்ம கிட்ட வந்து ஹியோ ஆச்சு. கடலைத் தாண்டி ஜப்பானுக்குப் போய் கோ ஆச்சு. தெற்கே இந்தப் பொண்ணு ஊருக்குப் போய் ஹியூ. ஆயிரக்கணக்கான வருஷம் நடந்திருக்கு அந்த ஒரு எழுத்து. வாய்தான் வேற வேற, மனசு ஒண்ணு. இப்ப சொல்லுங்க, இந்தப் பொண்ணு நமக்கு அந்நியமா?”

கைதட்டினார்கள். ஒலிவாங்கி இன்னும் என் வாய்க்கு நேரே இருந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடம். நான்கு வரி எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

“ஐயா” என்றேன், “எங்க ஊர்ல பெத்தவங்க சாவுக்குப் போறதுக்குப் பேரே ஹியூதான். அம்மாவுக்கு நான் போகல. அது நல்ல காரியம் இல்லீங்க, தப்பு. இப்ப எங்கப்பா சாகக் கிடக்கறார். மூணு நாளா என்னைக் கேட்டுட்டிருக்கார். இந்த விழாவுக்காகத்தான் இங்க நிக்கறேன். விருத வேற யாருக்காவது குடுத்துட்டு என்னை அனுப்பிடுங்க ஐயா.”

ஊர்த் தலைவர் வாயைப் பிளந்தபடி நின்றார். பின்வரிசையில் ஒருத்தி விசும்பினாள். “பெத்த அப்பன் சாகக் கிடக்கறப்பவும் மாமனாரை விட்டுப் போகலியே, மகராசி!” என்று யாரோ சொன்னார்கள். யாரோ எழுந்து கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். அப்புறம் முற்றமே எழுந்து நின்று தட்டியது. முன்னதைவிட இரண்டு மடங்கு சத்தம். பெரியவர் குவாக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் இருந்த எழுத்தர் பெண்ணிடம் குனிந்து சொன்னார்: “இதையும் பதிவுல சேத்துடும்மா.”

நான் சொன்னதில் எந்த இடத்தில் அவர்களுக்குக் கேட்காமல் போனது என்று யோசித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருந்தது. கேட்டுத்தான் தட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டு மேசைக்கு அந்த எழுத்தர் பெண் மடிக்கணினியோடு வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும்.

“அக்கா, உங்கப்பா பேரு எப்படி எழுதணும்? இறந்த தேதி காலியா விட்டுடவா?”

“இன்னும் இருக்கார்.”

“ஐயோ, மன்னிச்சுக்கோங்க. அப்ப ‘மரணப் படுக்கையில்’னு போட்டுக்கறேன்.”

“போடுங்க” என்றேன். தாவ் வான் தீப் என்று அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் திரும்பப் படித்துக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை.

அவள் போனபின் மாமாவின் தட்டில் இருந்த மாட்டிறைச்சியைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கினேன். அவர் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கை தட்டல, பாத்தியா?” என்றார்.

“உங்களுக்கு ஒரு கைதானே மாமா வேலை செய்யுது.”

“ரெண்டும் நல்லா இருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன். நீ என்னமோ கேட்ட. ஒரு பயலும் பதில் சொல்லல.”

நான் கத்தரிக்கோலை வைத்தேன்.

“போகணும்னுதானே கேட்ட?”

“ஆமா மாமா.”

“போகாத.” இடது கையால் என் பட்டுச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ போனா திரும்பி வருவியோ மாட்டியோ. எனக்குப் பயமா இருக்கு.”

இத்தனை பேர் நிறைந்த இடத்தில் என்னிடம் ஒரு விஷயத்தை நேராகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் புகழ்ந்தார்கள். புகழுக்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. இவர் கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லலாம்.

“இல்ல மாமா. நான் போறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோணிய வாய் இன்னும் கோணியது. அழப்போகிறாரா, திட்டப்போகிறாரா என்று தெரியவில்லை. சட்டையை விட்டார். கரண்டியை அந்தக் கையில் வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அப்படி ஒன்று வந்து போனதைக் கவனித்தேன்.

வாசலில் தோக்சு ஓடிவந்து மறித்தார். “எங்க கிளம்பிட்ட? போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்க.”

“அப்பாவைப் பாக்க.”

“நாளைக்குன்னுதானே பேசிட்டோம்?”

“பேசினது நீங்க.”

அவர் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது பேரும் படிக்கட்டில் வரிசை கட்டி, நடுவில் எனக்கு இடம் விட்டு நின்றிருந்தார்கள். “ஒரே ஒரு போட்டோ. அஞ்சு நிமிஷம். அப்புறம் நானே காரு பிடிச்சு விடறேன்” என்றார். குரல் கெஞ்சியது. பத்திரத்தையும் போர்வையையும் அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் அவரால் என்னைப் பிடிக்க முடியவில்லை. “பொரா நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து வருவா, வீட்டுல இருங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன். பேருந்து நிலையம் பத்து நிமிஷம். ரோஜா நிறப் பட்டுப் பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர்கள் கல்யாணப் பெண் என்று நினைத்திருப்பார்கள்.

இன்சோன் விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணிக்கு ஒரு பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து போனிலேயே டிக்கெட் எடுத்தேன். ராத்திரி விமானம். இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும், லுவான் கூப்பிட்டான். அவன் ஒன்றும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

“எப்போ?”

“பத்தரைக்கு. வலி இல்லாமதான் போனார்.”

இங்கே அது பன்னிரண்டரை. இன்னும் இருக்கார் என்று நான் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

லுவானுக்குப் பின்னால் ஆட்கள் நாற்காலி இழுக்கும் சத்தமும், அத்தை ஒருத்தியின் ஒப்பாரியும் கேட்டன. எங்களில் பெற்றவர் போனால் பிள்ளைகள் தலையில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். அதைப் பற்றித்தான் கேட்கிறான்.

“அக்கா, துணி கிழிக்கிறாங்க. எத்தனைன்னு கேக்கறாங்க. அம்மா சாவுக்கு உன்னோடத ஒரு தட்டுல மடிச்சு சவப்பெட்டி மேல வச்சோம், வராத பிள்ளைக்கு அப்படித்தானே. இப்பவும் அங்கயே வச்சுடறதா?”

“வைக்காத. தலையில கட்டிக்க வர்றேன்.”

“நாளன்னிக்குத்தானே வருவ? அதுக்குள்ள பெட்டிய மூடிடுவோமே.”

“நாளைக்கு விடியறப்போ வந்துடுவேன். பஸ்ல இருக்கேன் லுவான். கிளம்பிட்டேன்.”

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான், என் காது அடைத்துப்போகிற அளவுக்கு.

“அக்கா வர்றா! பெட்டிய மூடாதீங்க!”